சற்றே முன்பாரம்: கடல் கயாக்கில் எடையை எங்கே வைப்பது

என் எடை 52 கிலோ, தம்பியின் எடை 85. இருவருக்கும் சேர்த்து ஒரே கடல் கயாக், அதாவது ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் உட்கார்ந்து துடுப்புப் போடும் ஒடுங்கிய படகு: 17 அடி நீளம், 22 அங்குல அகலம், ஃபைபர் உடல், வெறும் படகே 25 கிலோ. பெங்களூருவில் ஒருவர் விற்றதை வாங்கி, கார் கூரையில் கட்டி, ஓசூர், கிருஷ்ணகிரி வழியாகத் தருமபுரிக்குக் கொண்டுவந்தோம். சுங்கச்சாவடியில் இருந்தவர், "இது என்ன, ராக்கெட்டா?" என்று கேட்டார்.

தம்பி உட்கார்ந்தால் அந்தப் படகு சொன்ன பேச்சைக் கேட்கிறது. நான் உட்கார்ந்தால், பக்கவாட்டில் கொஞ்சம் காற்று வந்தாலும் போதும், மூக்கைக் காற்று வரும் பக்கம் திருப்பிக்கொள்கிறது. வலமிருந்து காற்று என்றால் வலப்பக்கமே துடுப்புப் போட்டுக்கொண்டிருக்க வேண்டும், தோள்பட்டை எரியும், படகு அப்போதும் வலப்பக்கமே போகப் பார்க்கும். தம்பியிடம் இதற்கு ஒரு விளக்கம் தயாராக இருந்தது: "உனக்குக் கையில் பலம் போதவில்லை, அக்கா." இந்தக் கட்டுரையை எழுத அந்த விளக்கமும் ஒரு காரணம். பலத்துக்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு. படகுக்குள் எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதே பெரும்பாலும் விஷயம்.

தருமபுரிக்காரர்களுக்குக் கடல் கயாக் எதற்கு என்று கேட்காத உறவினர் இல்லை. கடல் தொலைவுதான். ஆனால் பென்னாகரம், ஏரியூர் தாண்டி நாகமரைக்குப் போனால் மேட்டூர் அணையின் பின்நீர் விரிந்து கிடக்கிறது. 1934-ல் கட்டி முடித்த அணை. முழு நீர்மட்டம் 120 அடி. எதிர்க்கரை சேலம் மாவட்டத்துப் பண்ணவாடி. ஒகேனக்கல்லிலிருந்து வரும் காவிரி இந்தப் பகுதியில் ஏறத்தாழத் தெற்கு நோக்கிப் போகிறது. ஆனி, ஆடி மாதக் காற்று மேற்கிலிருந்து அடிக்கிறது. ஆகவே ஆற்றின் நீளவாட்டில் போகிற எந்தப் படகுக்கும் காற்று விலாவில் படும். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். 25 கிலோ ஃபைபர் ஓடு எம்மாத்திரம்? அலை பெரிதாக இல்லாமல், காற்று மட்டும் பலமாக, ஒரே திசையில், மணிக்கணக்கில் அடிக்கும் இடம் கடற்கரையில் அவ்வளவு எளிதில் கிடைக்காது. பாரம் எப்படிப் படகைத் திருப்புகிறது என்று பார்க்க எனக்கு நாகமரையே போதுமானதாக இருந்தது.

அணை நன்றாக இறங்கிய ஆண்டுகளில் பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயிலின் நந்தி சிலை தண்ணீருக்கு மேலே வந்துவிடும். பழைய தேவாலயத்தின் கோபுரங்களும் தெரியும். அணை கட்டியபோது முழுகிய ஊர்களின் மிச்சம் அவை. பார்க்க வருகிறவர்கள் படம் எடுத்துக்கொள்வார்கள். எனக்கு நந்தி வேறொரு வேலைக்குப் பயன்பட்டது: தொலைவிலிருந்து அதைக் குறிவைத்து நேராகத் துடுப்புப் போட்டால், படகு எவ்வளவு விலகுகிறது என்று உடனே தெரிந்துவிடும். அசையாத குறி ஒன்று இல்லாமல் இதைச் சோதிக்க முடியாது. கரையில் ஒரு பனைமரமும் போதும்.

காற்று ஏன் படகைத் திருப்புகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். படகின் முன்முனையை மீனவர்கள் அணியம் என்பார்கள், பின்முனையை அமரம் என்பார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். படகு முன்னேறும்போது அணியம் தண்ணீரைப் பிளந்துகொண்டு போகிறது. இரண்டு பக்கமும் நீரின் அழுத்தம் அதை இறுகப் பிடித்திருக்கிறது. அமரத்துக்கு அந்தப் பிடிப்பு இல்லை. படகு கிழித்துவிட்டுப் போன, கலங்கிய தண்ணீரில் அது தளர்ந்து நிற்கிறது. பக்கக் காற்று முழுப் படகையும்தான் தள்ளுகிறது. இடம் கொடுப்பது அமரம் மட்டும். அமரம் காற்றோடு ஒதுங்க, அணியம் காற்றை நோக்கித் திரும்பிவிடுகிறது. வேகமாகப் போகப் போக இந்தக் குணம் கூடும். துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தால் திரும்புவது நின்று, படகு காற்றுக்குக் குறுக்காகக் கிடக்கும். நாகமரையில் இரண்டையும் அடுத்தடுத்துச் செய்து பாருங்கள், ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும்.

இதில் என் எடைக்கு என்ன பங்கு? பெரும்பாலான கடல் கயாக்குகள் என்னைவிடக் கனமான ஆளையும், அவரோடு சில நாள் சாமான்களையும் மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டவை. நான் தனியாக உட்கார்ந்தால் படகு தண்ணீரில் உயரமாக மிதக்கிறது. காற்று படும் பரப்பு கூடுகிறது. தண்ணீர் பிடிக்கும் பரப்பு குறைகிறது. அமரத்தின் நுனி தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் இருக்கிறது. தம்பி உட்கார்ந்தால் அதே அமரம் நீருக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்கிறது. ஆக, காற்று இருவருக்கும் ஒன்றாக இருந்தாலும் எங்கள் கைக்கு வருகிற படகுகள் வேறு வேறு.

தீர்வு எளிது. 5 லிட்டர் கேன் ஒன்றில் விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி, இருக்கைக்குப் பின்னால் சாமான் வைக்கும் மூடியுள்ள பின் அறைக்குள், இருக்கையிலிருந்து 2 மீட்டர் தள்ளி, உருளாமல் துணி செருகி வைத்தோம். அமரம் தாழ்ந்தது என்று சொன்னால் கரையில் நிற்பவர் நம்ப மாட்டார். கணக்குப் போட்டால் ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான் வரும். ஆனால் அந்த ஒன்றிரண்டு சென்டிமீட்டரில் என் தோள் பிழைத்தது. வலப்பக்கம் மட்டும் போட்டுக்கொண்டிருந்த துடுப்பு இரண்டு பக்கமும் மாறி மாறிப் போனது. நந்தி எனக்கு நேராகவே நின்றது.

இந்த இடத்தில் பள்ளிக்கூடத்தில் படித்த நெம்புகோல் கணக்கு ஒன்று போதும். எடையைத் தூரத்தால் பெருக்க வேண்டும். 5 கிலோ, 200 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால் 1,000. 52 கிலோ எடையுள்ள நான் அதே விளைவைப் பெற இருக்கையை 19 சென்டிமீட்டர் பின்னால் தள்ள வேண்டும். 85 கிலோ தம்பி என்றால் 12 சென்டிமீட்டர் போதும். இருக்கையை அவ்வளவு நகர்த்தவே முடியாது; தொடைப் பிடியும் கால் மிதியும் உடலை விட்டுப் போய்விடும். அதாவது, ஓரத்தில் வைத்த சின்னப் பொருள் ஒன்று, நடுவில் உட்கார்ந்திருக்கும் மனிதரையே இடம் மாற்றியதற்குச் சமம். சாமான்களை அறைக்குள் வீசிவிட்டு மூடியை அழுத்துகிறவர்கள் இந்தக் கணக்கை ஒரு முறையாவது போட்டுப் பார்க்க வேண்டும்.

நல்லதுதானே என்று இன்னும் ஒரு கேனைப் பின்னால் வைத்தால் கதை தலைகீழாகிறது. அணியம் மேலே எழும்புகிறது. இப்போது இடம் கொடுப்பது அணியம். காற்று அதைப் பிடித்துத் தன்னோடு இழுத்துப் போகிறது. படகு காற்றுக்கு முதுகு காட்டி ஓடப் பார்க்கிறது. திருப்பத் திருப்பத் திரும்பாது. மாட்டு வண்டியில் பாரம் ஏற்றிப் பழகியவர்களுக்கு இது புதிதில்லை. முன்பாரம் அதிகமானால் நுகத்தடி மாட்டின் கழுத்தில் ஏறி அழுத்தும். பின்பாரம் அதிகமானால் நுகம் மேலே தூக்கிக்கொண்டு கழுத்துக் கயிற்றை இறுக்கும். விவரமான வண்டிக்காரர் துளி முன்பாரமாகவே ஏற்றி, சாலையைப் பார்த்து மீதியைச் சரிசெய்துகொள்வார். கயாக்கிலும் நான் வந்து சேர்ந்த இடம் அதுதான்.

காரணம் ஸ்கெக். படகின் அடியில், அமரத்தை ஒட்டி, கத்தி போல ஒரு சிறு தகடு இருக்கிறது. பக்கத்தில் உள்ள விசையைத் தள்ளினால் அது நீருக்குள் இறங்கும்; அமரத்துக்கு இல்லாத பிடிப்பை அது கொடுக்கும். சுக்கானைப் போல இடம் வலம் திரும்பாது. கால் பங்கு, அரைப் பங்கு, முழுவதும் என்று இறக்குவது நம் கையில் இருக்கிறது. காற்றை நோக்கித் திரும்புகிற படகை ஸ்கெக் இறக்கி நேராக்கிவிடலாம். பின்பாரம் கூடிப்போய்க் காற்றுக்கு முதுகு காட்டுகிற படகை நேராக்க ஸ்கெக் உதவாது. அது ஏற்கெனவே மேலேதான் இருக்கிறது, இன்னும் மேலே போக இடம் இல்லை. தண்ணீர் நடுவில் மூட்டையை எடுத்து முன்னால் வைக்கவும் முடியாது. ஆகவே பாரம் ஏற்றி முடித்ததும், ஸ்கெக் மேலே இருக்கும்போது, படகு காற்றை நோக்கி மெல்லத் திரும்ப வேண்டும். ஸ்கெக்கைக் கால் பங்கோ அரைப் பங்கோ இறக்கினால் நேராகப் போக வேண்டும். முழுவதும் இறக்கினால் காற்றோடு சற்று விலக வேண்டும். மூன்றும் சரியாக வந்தால் ஏற்றிய பாரம் சரி. ஸ்கெக் வேண்டவே வேண்டாம், படகு தானாக நேராகப் போகட்டும் என்று அமரத்தில் பாரம் சேர்ப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அமைதியான காற்றில் அது வசதிதான். காற்று கூடினால் கைவசம் ஒன்றும் மிச்சமிருக்காது.

கடலில் இது வசதிப் பிரச்சினை மட்டும் இல்லை. தொண்டிக்குத் தெற்கே பாக் நீரிணைக் கரையோரம் போகும்போது தென்மேற்குப் பருவத்தில், மேற்குப் பக்கமிருந்து வரும் கச்சான் காற்று அடிக்கும். அந்த நாட்களில் பாக் நீரிணை அடங்கியும் மன்னார் வளைகுடா கொந்தளித்தும் இருக்கும். வடகிழக்குப் பருவம் வந்தால் நிலைமை மாறிவிடும். அடங்கியிருக்கிறது என்பதை நம்பி ஏமாறக் கூடாது. அந்தக் காற்று கரையிலிருந்து கடலைப் பார்த்து வீசுகிறது. கரை ஓரத்தில் குளம் போல இருக்கும். ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போனால் சின்னச் சின்ன, நெருக்கமான அலைகள் எழும்பும். கரைக்குத் திரும்ப வேண்டுமானால் காற்றை எதிர்த்து அணியத்தைத் திருப்ப வேண்டும். பின்பாரம் ஏறிய படகு அதைச் செய்ய மறுக்கும். கடலுக்குள் போவதற்கு அதற்கு ஒரு ஆட்சேபமும் இருக்காது. கயாக்கில் நான் உண்மையிலேயே அஞ்சுகிற நிலை இது ஒன்றுதான்.

பக்கவாட்டுச் சமநிலைக்கு நாங்கள் ஒகேனக்கல்லுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். பரிசலுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. மூங்கில் பிளாச்சில் முடைந்த வட்டம், அடியில் பிளாஸ்டிக் விரிப்பும் தாரும். பரிசலோட்டி ஆட்களை ஏற்றும்போது யாரிடமும் எடை கேட்பதில்லை. ஏற இறங்க ஒரு பார்வை பார்ப்பார். "நீங்கள் இந்தப் பக்கம் வாங்க அண்ணா, பாப்பா நடுவில் உட்காரட்டும்" என்பார். தான் உட்காரும் ஓரத்துக்கு எதிர் ஓரத்தில் கனமானவரை வைப்பார். உட்கார்ந்த பிறகும் விளிம்பைப் பார்ப்பார். ஒரு பக்கம் தண்ணீருக்குக் கிட்டே இருந்தால் இன்னொருவரை ஒரு சாண் நகரச் சொல்வார். படம் எடுக்க யாராவது எழுந்தால் குரல் மாறிவிடும். ஆற்றில் வரத்து கூடினால் பரிசல் ஓட்டவே தடை போட்டுவிடுவார்கள். அந்த நாட்களில் துறையில் கவிழ்த்து வைத்த பரிசல்களுக்கு நடுவே அவர்களோடு பேசிக்கொண்டிருந்தால், படிக்கக் கிடைக்காத பல சங்கதிகள் வந்து விழும்.

கயாக்கில் பக்கச் சாய்வு வேறுவிதமாகத் தொல்லை கொடுக்கும். இடப்பக்கம் சாய்ந்த கயாக் வலப்பக்கம் திரும்பும். சாய்ந்த பக்கத்தின் வளைந்த விளிம்பு நீருக்குள் போய், நீர்மட்டம் படகைத் தொடும் தண்ணீர்க்கோட்டையே வளைத்துவிடுவதால் இப்படி. படகைத் திருப்ப வேண்டும்போது இடுப்பால் சாய்ப்பதும் இதே காரணத்துக்காகத்தான். பிரச்சினை என்னவென்றால், அடுப்பும் எரிவாயுக் குப்பியும் இடப்பக்கமும், கூடாரத் துணி வலப்பக்கமும் இருந்தால் படகு நாள் முழுக்க வலப்பக்கம் இழுக்கும். நாம் காற்றின் மீது பழி போட்டுக்கொண்டிருப்போம். தெரியாமலே இடுப்பை ஒரு பக்கம் வளைத்து உட்கார்ந்து ஈடுகட்டுவோம். மாலையில் முதுகு வலிக்கும்போது அதற்கும் வயதின் மீது பழி.

இதைக் கண்டுபிடிக்க நாங்கள் செய்வது: எல்லாச் சாமான்களையும் ஏற்றி, முழங்கால் ஆழத் தண்ணீரில், காற்றில்லாத ஓரத்தில் படகை மிதக்கவிட்டு உட்காருவோம். இருக்கைப் பள்ளத்துக்குள் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றி, கைகளைத் தலைமேல் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தால், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்கலாம். இடத்தொடைக்குக் கீழே சில்லென்று வந்து நின்றால் இடப்பக்கம் பாரம் கூடுதல். குதிகாலுக்குப் போனால் முன்பாரம், இருக்கைக்குப் பின்னால் போனால் பின்பாரம். கரையில் நிற்பவர் படகுக்கு நேர் முன்னால் குனிந்து பார்த்து, இரண்டு விளிம்பும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று சொல்ல வேண்டும். பிறகு பஞ்சால் தண்ணீரை ஒற்றி எடுத்துவிடலாம். இதற்கென்று கருவி விற்கிறார்களா என்று தம்பி இணையத்தில் தேடினான். சொம்பு வீட்டிலேயே இருந்தது.

எடை குறைந்தவர்களுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். வெறும் படகில் நான் ஏறினால் அது தத்தளிக்கும். இடுப்பின் சின்ன அசைவுக்கும் பதில் சொல்லும். 10 முதல் 15 கிலோ வரை அடிப்பாரம் ஏற்றினால் அடங்கிவிடுகிறது. மண் மூட்டையும் கல்லும் வேண்டாம். கிருஷ்ணகிரி, தருமபுரியில் கிரானைட் துண்டு சும்மா கிடைக்கிறதே என்று யாராவது யோசனை சொல்வார்கள், கேட்காதீர்கள். படகு கவிழ்ந்தால் கல் கயிற்றை அறுத்துக்கொண்டு உருளும், ஃபைபரை உடைக்கும். தண்ணீர்ப் பைதான் நல்லது. அறைக்குள் தண்ணீர் புகுந்தாலும் தண்ணீர்ப் பை படகைக் கீழே இழுக்காது. தண்ணீருக்குள் தண்ணீருக்கு ஏது எடை? வேண்டாம் என்றால் திறந்து கொட்டிவிடலாம், தாகம் எடுத்தால் குடிக்கலாம். இருக்கைக்குப் பின்னால் உள்ள சிறிய அறையில் பெரும்பகுதி, கால் மிதிக்கு முன்னால் மீதி, இரண்டும் படகின் தரையோடு ஒட்டி இருக்க வேண்டும். அரைகுறையாக நிரம்பிய கேன் மட்டும் கூடவே கூடாது. படகு சாயும்போது உள்ளே இருக்கும் தண்ணீரும் அதே பக்கம் ஓடி, சாய்வை மேலும் கூட்டும். மென்மையான பையானால் காற்றைப் பிழிந்து வெளியேற்றி மூடிவிடலாம். அதில் தண்ணீர் அலம்பாது.

சாமான் அடுக்கும் முறைக்கு வருவோம். ஒரு தொங்கு தராசு வாங்கிக்கொள்ளுங்கள். பையைக் கையால் தூக்கிப் பார்த்து எடை சொல்லும் திறமை பாலக்கோடு மார்க்கெட்டில் தக்காளிக் கூடை தூக்குகிறவர்களுக்கு உண்டு, நமக்கு இல்லை. கடலோரத்தில் இரண்டு நாள் என்றால் எங்கள் மூட்டையில் கனமானவை தண்ணீர், அரிசி, கேழ்வரகு மாவு, அடுப்பு. தண்ணீர் மட்டுமே ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர். ஐப்பசிக்கு முந்தைய வெயிலில் அதற்குக் குறைத்தால் தலைவலி வந்துவிடும். இவை எல்லாம் இருக்கையை ஒட்டி, முன் அறையின் பின்பகுதியிலும் பின் அறையின் முன்பகுதியிலும், அடித்தளத்தில் இருக்கும். போர்வை, மாற்று உடை, கூடாரத் துணி போன்ற எடையில்லாதவை இரண்டு முனைகளின் குறுகலுக்குள் போகும். கூடாரத்தின் கம்பிகளைத் தரையில் நீளவாட்டில் நடுக்கோட்டில் வைத்தால் மற்ற பைகள் அதன் இரு பக்கமும் உட்காரும். எடுப்பதற்கு வசதி என்று அரிசியை அணிய நுனியில் வைக்கச் சொன்னான் தம்பி. அது தனிக் கதை.

முனைகளில் கனம் வைத்தால் முன்னும் பின்னும் சமமாக இருந்தாலும் கெடுதல்தான். இதை நாகமரையில் சோதித்தோம். இரண்டு 5 லிட்டர் கேன்களை அணிய நுனிக்கு ஒன்று, அமர நுனிக்கு ஒன்று என்று வைத்துப் பார்த்தோம். பிறகு அதே கேன்களை இருக்கைக்கு முன்னும் பின்னும் ஒட்டி வைத்துப் பார்த்தோம். மொத்த எடையில் மாற்றமில்லை, தண்ணீர்க்கோட்டிலும் மாற்றமில்லை. நின்ற இடத்தில் படகைத் திருப்பும்போது முதல் அடுக்கில் துடுப்புக்குப் படகு தாமதமாகவே இணங்கியது. திரும்பத் தொடங்கிய பிறகு நிறுத்துவதும் சிரமமாக இருந்தது. கடலில் இதன் மறுபக்கம் தெரியும். அலை வரும்போது நுனி கனமாக இருந்தால் அணியம் எழும்பத் தாமதமாகும்; அதற்குள் அலை மேல்தளத்தில் ஏறிவிடும். பின்னாலிருந்து அலை தள்ளும்போது இன்னும் மோசம். அமரம் தூக்கப்பட, கனத்த அணியம் முன்னால் உள்ள பள்ளத்தில் குத்தி நிற்கும். பின்பகுதி அதைச் சுற்றிக்கொண்டு வந்து படகு அலைக்குக் குறுக்காகிவிடும். அரிசி அணிய நுனிக்குப் போகாததற்கு இதுவே காரணம். தம்பி இன்றும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அரிசியை நடுவில்தான் வைக்கிறான்.

உப்புத் தண்ணீரில் படகு கூடுதலாக மிதக்கும், அணையில் பார்த்த கணக்கு கடலுக்குப் பொருந்தாது என்று சிலர் சொல்வதுண்டு. கடல்நீர் நன்னீரைவிடச் சுமார் இரண்டரை சதவீதம் அடர்த்தி கூடியது. ஆளும் படகும் சாமானும் சேர்த்து 112 கிலோ என்றால் நாகமரையில் 112 லிட்டர் இடம் பிடிக்கும் படகு, தொண்டியில் 109 லிட்டர் பிடிக்கும். மறந்துவிடலாம்.

மறக்கக் கூடாதது தண்ணீர் குடிக்கும் வரிசை. காலையில் பார்த்துப் பார்த்து ஏற்றிய பாரத்தை மதியத்துக்குள் நாமே குடித்து, சமைத்து மாற்றிவிடுகிறோம். முன் அறைத் தண்ணீரை முதலில் காலி செய்தால் பிற்பகலில் படகு பின்பாரமாகிவிடும். காற்று கூடும் நேரமும் பெரும்பாலும் அதுதான். பின் அறைத் தண்ணீரை முதலில் குடித்தால் படகு காற்றை நோக்கி இன்னும் கொஞ்சம் திரும்பும். அதற்கு ஸ்கெக் இருக்கிறது. அதனால் குடிப்பது பின்னாலிருந்து. மதியம் சாப்பிடக் கரையேறும்போது முன்னால் உள்ள பை ஒன்றைப் பின்னுக்கு மாற்றிக்கொண்டால் மாலை வரை கவலையில்லை. சாமான் மாற்றிய பிறகு மறுபடி ஒரு முறை சொம்பு.

உடலும் பாரம்தான், அதுவும் படகிலேயே பெரிய பாரம். களைத்துப்போனால் எல்லோரும் பின்னால் சாய்ந்து உட்காருகிறோம், அது பின்பாரம். எதிர்க்காற்றில் இடுப்பிலிருந்து முன்னால் சாய்ந்தால் படகு எளிதாகக் காற்றை நோக்கி வரும். மூட்டையை நகர்த்த முடியாத இடத்தில் நகர்த்தக்கூடிய ஒரே எடை நாம்தான்.

மேல்தளத்தில் கட்டுவதைப் பற்றி நான் அதிகம் பேசினால் வீட்டில் சண்டை வரும். சுருக்கமாகச் சொல்கிறேன். மேல்தளத்து வலைக் கயிற்றுக்குள் தம்பி செருப்பு, தொப்பி, தண்ணீர் பாட்டில், ஈரத் துண்டு, ஒரு முறை முழு தர்ப்பூசணி என்று செருகுவான். ஒவ்வொன்றும் எடையை மேலே ஏற்றுகிறது, காற்றுக்குப் பிடி கொடுக்கிறது. கவிழ்ந்தால் திரும்ப ஏறும்போது வயிற்றில் இடிக்கிறது. வரைபடம், மாற்றுத் துடுப்பு, தண்ணீர் இறைக்கும் பம்பு, இவற்றுக்கு மட்டும் அந்த இடம். தர்ப்பூசணியைக் கரையில் விட்டுவிட்டுப் போகலாம், அல்லது புறப்படும் முன்பே தின்றுவிடலாம். நாங்கள் தின்றோம்.

கடைசியாக, ஊருக்குத் திரும்பும் வழிக்கு ஒரு குறிப்பு. தருமபுரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 450 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடற்கரையில் அறை மூடிகளை இறுக அடைத்துக் கார் கூரையில் கட்டிக்கொண்டு சேலம் தாண்டித் தொப்பூர் ஏறினால், உள்ளே கடல் மட்டத்துக் காற்று, வெளியே ஏறத்தாழ ஐந்து சதவீதம் அழுத்தம் குறைந்த காற்று. அறை முழுக்கக் காற்றுப் புகாமல் இருந்தால் 25 சென்டிமீட்டர் வட்ட மூடியின் மேல் உள்ளிருந்து தள்ளும் விசை 20 கிலோவுக்கு மேல் வரும். போகும்போது இதே கணக்கு எதிர்த்திசையில்: மூடி உள்ளே குழிந்து, கடற்கரையில் திறக்கவே வராது. அறையையும் இருக்கைப் பள்ளத்தையும் பிரிக்கும் தடுப்புச் சுவரில் ஊசித்துளை இருக்கும் படகுகளில் இந்தத் தொல்லை இல்லை; எங்கள் படகில் அந்தத் துளையை முந்தைய உரிமையாளர் பசை வைத்து அடைத்திருந்தார். நீங்கள் பழைய படகு வாங்கினால் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். துளை இல்லையென்றால் காரில் கட்டும் முன் மூடிகளின் ஓர் ஓரத்தைத் தளர்த்திவிட்டு, மூடி பறந்துவிடாமல் மேலே ஒரு கயிறு போட்டுக்கொள்ளுங்கள்.